காவிரியிலிருந்து கம்ப்ரசர் வரை

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறிவரும் லாரிகளுக்குத் தருமபுரிச் சாலையோரப் பட்டறைகளே வைத்தியசாலை. காற்றடிக்கக் கம்ப்ரசர், முறிந்த இரும்பை ஒட்ட வெல்டிங் இயந்திரம், கிரைண்டர் என அங்கே எல்லாம் மின்சாரத்தால் ஓடுகின்றன. மீட்டர் பெட்டி முன்புறச் சுவரில் இருக்கிறது. கம்ப்ரசரோ பின்புறக் கொட்டகையில். இடைப்பட்ட நாற்பது மீட்டருக்கு எந்த ஒயரை இழுப்பது? இது அற்பமான கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். மின்சாரத்தின் வரலாற்றில் பெரும் பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

கம்பி நீளமானால் மின்தடை கூடும், பருமனானால் குறையும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை 1827-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஓம் வெளியிட்டார். பின்னர், 1841-இல், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூல் மற்றோர் உண்மையை நிறுவினார். கம்பியில் ஓட்டம் இருமடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஓட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும்.

இந்த விதியின் பிடியில் எடிசனே சிக்கினார். 1882-இல் நியூயார்க் நகரில் அவர் தொடங்கிய மின்நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்சாரத்தை அளித்தது. அழுத்தம் குறைவாதலால் ஓட்டம் மிகுதி. ஆகவே மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல மிகப் பருமனான செம்புக் கம்பிகள் தேவைப்பட்டன. சுற்றுப்புறத் தெருக்களோடு அந்த ஏற்பாடு நின்றுவிட்டது.

மாறுமின்சாரமும் மின்மாற்றியும் வழி திறந்தன. அழுத்தத்தை உயர்த்தினால் அதே திறனைச் சிறிய ஓட்டத்தில் அனுப்பலாம் அல்லவா? 1891-இல் ஜெர்மனியின் லாஃபன் என்ற ஊரிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்ஃபர்ட்டுக்கு மும்முனை மின்சாரம் சென்றது.

பதினொரு ஆண்டுகளில் அந்த அற்புதம் நம் காவிரிக்கே வந்தது. மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் அமைத்த நீர்மின் நிலையம், 1902-இல், 92 மைலுக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அழுத்தம் 30,000 வோல்ட்டுக்குக் குறையவில்லை. அதே கம்பியில், அதே திறனை 230 வோல்ட்டில் அனுப்ப முயன்றிருந்தால் ஓட்டம் 130 மடங்காகியிருக்கும். வெப்ப இழப்பு ஏறக்குறைய 17,000 மடங்காகியிருக்கும்! சிவசமுத்திரத்தைக் கடந்த காவிரி ஒகேனக்கல்லில் குதித்து, மேட்டூரில் தேங்குகிறது. அங்கே அணை 1934-இல் முடிந்தது; 1937-இல் மின் உற்பத்தியும் தொடங்கியது.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். தெருவிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தந்துவிடுகிறது. அதன்பின் அழுத்தத்தை உயர்த்தும் வழி பட்டறைக்காரருக்கு இல்லை. எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: பருமனான ஒயர், அல்லது மும்முனை இணைப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று குதிரைத்திறன் கொண்ட ஒருமுனைக் கம்ப்ரசர் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். போக நாற்பது, வர நாற்பது என எண்பது மீட்டர் செம்புக் கம்பி. அதன் குறுக்குப்பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் மின்தடை ஏறக்குறைய ஒரு ஓம். ஓடும்போது 15 வோல்ட் வழியிலேயே வீணாகும். 200 வாட்டுக்கு மேல் ஒயரில் வெப்பமாகும். மோட்டார் கிளம்பும்போதோ ஓட்டம் ஐந்து மடங்கு வரை எழும். இழப்பு 70 வோல்ட்டைத் தொடும். மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், அது பாதி வலிமையோடு உறுமிக்கொண்டே நிற்கும். ‘மோட்டார் சரியில்லை’ என்பார்கள். குற்றவாளி ஒயர்! ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதே இழப்பு கால்பங்காகிவிடும். 415 வோல்ட் மும்முனை மோட்டாராக இருந்தால் ஒரு கம்பிக்குச் சுமார் ஐந்து ஆம்பியரே போதும்.

வெப்பத்தால் மற்றொரு கேடும் உண்டு. முற்காலத்தில் ரப்பர் உறையிட்ட கம்பிகளைத் தேக்குமரச் சட்டங்களுக்குள் பொருத்தினார்கள். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும், நாளடைவில் வெடிக்கும். 1930-களுக்குப் பின் பி.வி.சி. உறை பரவியது. ஆனால் சாதாரண பி.வி.சி. தாங்கும் வெப்பம் சுமார் 70 பாகை செல்சியஸ்தான். மெல்லிய ஒயர் தன் உறையைத் தானே இளக்கிக்கொள்ளும். தரையில் கிடக்கும் ஒயர்மீது லாரிச் சக்கரமும் ஏறினால் சொல்லவே வேண்டாம்.

உறை கிழிந்து மின்சாரம் இயந்திரத்தின் இரும்புடலில் ஏறும்போது ‘எர்த்’ கம்பி காக்க வேண்டும். ஓம் விதி இங்கும் வந்து நிற்கிறது. மண்ணில் பதித்த எர்த்தின் மின்தடை 10 ஓம் இருந்தால், 230 வோல்ட்டுக்கு 23 ஆம்பியருக்கு மேல் பாயாது. 30 ஆம்பியர் பியூஸ் போகாது; இரும்புடலில் மின்சாரம் நிற்கும். இந்திய மின்சார விதிகள் 1956-இலேயே நிலையான மோட்டார்களின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்றது காரணமில்லாமல் அல்ல.

மனித உடலோ இன்னும் மென்மையானது. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தார். சுமார் 16 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், சராசரி ஆடவரால் பிடித்த கம்பியைத் தாமாக விட இயலாது என்று கண்டார். பியூஸ் ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பை நொடிப்பொழுதில் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் வேண்டியது இதனால்தான்.

ஈரத் தரையில், லாரிக்கு அடியில் படுத்து, கையில் விளக்கைப் பிடித்து வேலை செய்பவர் பெரும்பாலும் அந்தப் பட்டறையின் இளம் உதவியாளர். ஒயரின் பருமன், எர்த்தின் தரம், கசிவு ஸ்விட்ச் ஆகிய மூன்றையும் தகுதிபெற்ற ஒயர்மேனைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். அதற்காகும் செலவு ஒரு லாரி டயரின் விலையை எட்டினாலும் அது வீண்செலவு ஆகாது.