புங்குடுதீவு 2015: இராணுவமயமான பொலிஸும் மக்கள் அழுத்தத்தின் எல்லையும்

பொலிஸின் இராணுவமயமாக்கம் ஆயுதத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. யாருடைய கட்டளைக்குப் பணிகிறது, யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது என்பவையே முதன்மையான அளவுகோல்கள். இலங்கைப் பொலிஸ் இன்றும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு நீண்டகாலத் தடுப்புக்காவல் அதிகாரத்தைத் தந்தது. 1980களில் பொலிஸுக்குள்ளேயே விசேட அதிரடிப்படை உருவாக்கப்பட்டது. அதற்குப் பயிற்சி அளித்தது பிரித்தானியத் தனியார் இராணுவ நிறுவனமான கீனி மீனி. போர்க்காலத்தின் பெரும்பகுதியிலும் அதற்குப் பின்னரும் பொலிஸ் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது.

யாழ்ப்பாணத் தீவகத்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 1990களின் தொடக்கத்தில் படையினர் தீவுகளைக் கைப்பற்றிய பின், அங்குள்ள புங்குடுதீவு மக்கள் அன்றாடம் கண்ட அரசு என்பது கடற்படையே. 2005 டிசம்பரில் அங்கு இளம்பெண் ஒருவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டபோது மக்களின் சினம் கடற்படை மீது திரும்பியது. அதைக் கண்டித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஊர்வலத்தைப் படையினர் தாக்கிக் கலைத்தனர்.

2015 மே 13இல் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கடத்தப்பட்டு, கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். மறுநாள் சடலத்தைத் தேடிக் கண்டெடுத்தவர்கள் உறவினரும் ஊரவருமே. சந்தேகநபர் ஒருவர் தப்பிச் செல்லப் பொலிஸாரே உதவினர் என்ற குற்றச்சாட்டு வடக்கெங்கும் பரவியது. மே 20ஆம் திகதி ஹர்த்தால் அனுட்டிக்கப்பட்டது. அன்று யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதி கல்வீச்சுக்கு உள்ளானது; ஏறத்தாழ 130 பேர் கைதாகினர். காணாமற்போன பிள்ளையைத் தேடுவதில் மந்தமாக இருந்த அமைப்பு, கூட்டத்தைக் கலைப்பதில் விரைந்து இயங்கியது. கூட்டத்தை அடக்குவதற்கென்றே பல்லாண்டுகள் பழக்கப்பட்ட ஒரு நிறுவனத்திடம் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

அழுத்தம் பலன் தந்தது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதே மாதம் யாழ்ப்பாணம் வந்தார். விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் சென்றது. 2017இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் மன்றம் கூடியது. செப்டம்பர் 27இல் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சந்தேகநபரைத் தப்பவிட்டதாக பதவியிலிருந்த ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபரும் கைதானார்.

ஆனால் மக்கள் அசைத்தது அந்த ஒரு வழக்கைத்தான். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் குளப்பிட்டியில் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டுச் சம்பவம் ஒன்றில் இரு பல்கலைக்கழக மாணவர் உயிரிழந்தனர். மீண்டும் ஹர்த்தால் நடந்தது, மீண்டும் சில பொலிஸார் கைதாகினர். பொலிஸின் கட்டமைப்பு இருந்தபடியே இருந்தது.

தென்னிலங்கையிலும் இதே கதைதான். 2013 ஓகஸ்ட் 1இல் வெலிவேரியவில் சுத்தமான நீர் கேட்டவர்கள் மீது இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். பொலிஸைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே பரிந்துரைத்திருந்தது. வெலிவேரியச் சூட்டுக்குப் பிறகே சட்டம், ஒழுங்கு அமைச்சு தனியாக உருவானது. அதன் செயலாளராக அமர்த்தப்பட்டவரோ ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர்.

மக்கள் அழுத்தத்தின் இந்த எல்லையை விளங்கிக்கொள்ள அமெரிக்க அனுபவம் உதவும். ஃபெர்குசன் நகரில் பொலிஸுக்கு எதிராக நடந்த போராட்டங்களுக்குப் பின், பொலிஸுக்கு இராணுவத் தளபாடம் வழங்குவதை ஒபாமா 2015இல் கட்டுப்படுத்தினார். 2017இல் ட்ரம்ப் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். ஒரு தலைவரின் ஆணையால் கிடைத்தது இன்னொருவரின் ஆணையால் போயிற்று. கலிபோர்னியா 2021இல் வேறு வழியில் சென்றது. இராணுவத் தளபாடத்தை வாங்கவோ பயன்படுத்தவோ அம்மாநிலப் பொலிஸ், தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர் சபையின் அங்கீகாரத்தைப் பகிரங்கக் கூட்டத்தில் பெற வேண்டும். அங்கு குடிமக்களின் எதிர்ப்புக்குக் கேள்வி கேட்கவும் மறுக்கவும் ஓர் இடம் சட்டப்படி உண்டு.

இலங்கையில் அதற்கு நிகரான இடத்தை 1987இன் 13ஆவது திருத்தம் ஏட்டளவில் அமைத்தது. மாகாணப் பொலிஸ் பிரிவையும் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் அது வகுத்தது. எந்த அரசாங்கமும் அவற்றை நடைமுறைப்படுத்தவில்லை. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் அதிகாரமும் 2001இல் கிடைத்து, 2010இல் சுருங்கி, 2015இல் மீண்டு, 2020இல் மறுபடி சுருங்கி, 2022இல் மீண்டது. ஆட்சியாளரின் விருப்பத்தோடு கூடிக் குறையும் ஆணைக்குழுவைத் தீவக மக்கள் நம்பியிருக்க முடியாது. மாகாண ஏற்பாடு நடைமுறையில் இருந்திருந்தால், 2015இல் நீதிமன்ற வாசலில் திரண்ட சினம் பொலிஸ் நியமனங்களையும் பொறுப்புக்கூறலையும் கேள்விக்குட்படுத்தும் ஒரு சபையின் முன் சென்றிருக்கும். வட மாகாண சபையின் முதலாவது பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை, மாகாணம் ஆளுநரின் நிர்வாகத்தின் கீழ் வந்தது.