குடவோலை முதல் வாக்காளர் பட்டியல் வரை: ஊர்க் கணக்கரின் எழுதுகோல்

தேர்தல் வரலாறு எழுதுவோர் வென்றோரையும் தோற்றோரையும் விரிவாக எழுதுவர். பெயரை ஓலையில் தீட்டியவரையும் ஏட்டில் பதிந்தவரையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், பட்டியலில் பெயர் ஏறாதவனுக்கு வாக்கு இல்லை. ஆதலின், பெயர் எழுதும் அலுவலரின் கடமை காலந்தோறும் எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

அகநானூற்றின் 77ஆம் பாடலில், மருதன் இளநாகனார் போர்க்களக் காட்சி ஒன்றைத் தீட்டுகிறார். வீழ்ந்த வீரரின் குடரைக் கழுகுகள் இழுப்பதற்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை நீக்கி ஆவண மாந்தர் ஓலையை எடுப்பதை உவமை கூறுகிறார். குடவோலை முறையின் பழைமைக்கு இப்பாடலை அறிஞர் சான்று காட்டுவர். ஓலையை எடுப்போர் ஆவணம் காப்போர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

உத்தரமேரூரின் ஏற்பாடு

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூர் மகாசபை செய்த தீர்மானங்கள் கல்வெட்டுகளாக நிலைபெற்றுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் தீர்மானத்தின்படி, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டோர் பெயர்களே குடவோலைக்கு உரியன. மிக்க கல்வியுடையார்க்கு அரைக்கால் வேலி நிலமே போதுமானதாயிற்று.

ஓலைகளைக் கட்டிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையைச் சபையின் அலுவலனான மத்தியத்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனை வாசித்தனர். ஓலையை மாற்றிவைக்க மறைவிடம் எதுவும் அக்கையில் இருத்தல் கூடாது என்பதே இதன் கருத்தாகும்.

கணக்கு எழுதுவோனுக்கும் தனி விதி இருந்தது. நேர்மையாகப் பொருளீட்டியவனே கணக்கெழுதலாம். தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனத் தேறும்வரை அவன் மீண்டும் கணக்கேறுதல் இயலாது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு விலக்கப்பட்டனர். 921ஆம் ஆண்டுத் தீர்மானத்தை எழுதிய மத்தியத்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் தன் பெயரைக் கல்லிலேயே பதித்துள்ளான்.

இவ்வேற்பாட்டைப் போற்றும்போது அதன் எல்லையையும் மறத்தலாகாது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் அற்ற உழவர்க்கும் தொழிலாளர்க்கும் ஓலை இல்லை, மகளிர்க்கும் இல்லை. கணக்கு செம்மையாக இருந்தது. கணக்கில் சேர்ந்தோர் சிலராக இருந்தனர்.

நிலக் கணக்கும் வாக்குரிமையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் எழுதுகோல் கர்ணத்திடம் இருந்தது. சிட்டாவும் அடங்கலும் அவர் வசமே. 1895ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் இத்தகைய பரம்பரைக் கிராம அலுவல்களை முறைப்படுத்தியது. 1919, 1935 ஆகிய ஆண்டுகளின் இந்திய அரசுச் சட்டங்களின் கீழ், வாக்குரிமை பெரும்பாலும் வரி, சொத்து, கல்வி ஆகியவற்றைப் பற்றி நின்றது. வரிக்கணக்கில் பெயர் இல்லாத கூலியாள் வாக்கின் வாயிலிலும் நிற்க இயலவில்லை. 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணத்தின் இடத்திற்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

அதற்கு முன்பே, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்னும் பெருமாற்றம் நிகழ்ந்துவிட்டது. 1951-52 பொதுத்தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பெயர்கள் பதிவாயின. அப்போது எதிர்பாராத இடர் ஒன்று எழுந்தது. வட மாநிலங்கள் பலவற்றில் மகளிர் தம் பெயரை அயலாரிடம் கூறத் தயங்கினர். அலுவலரும் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பதிந்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயரின்றிப் பதிவில்லை என உறுதியாக நின்றார். விளைவாக, ஏறத்தாழ 28 லட்சம் மகளிரின் பதிவுகள் நீக்கப்பட்டன. கொள்கை நேரியது, அதன் விலையைச் செலுத்தியவர் அம்மகளிரே. எழுதுகோல் ஒருவரைக் குடிமகளாக்கவும் வல்லது, இல்லாதவராக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இன்றைய கடமை

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் நிலத்தைக் கேட்பதில்லை, வசிப்பைக் கேட்கிறது. வீடு உடைமை மட்டுமே ஒருவரை அவ்வூரில் வசிப்பவராக்காது என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. வாக்களிக்கும் வயது 1989இல் 21லிருந்து 18 ஆயிற்று. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கவோ மறுப்புத் தெரிவிக்கவோ படிவம் 7. இரு தொகுதிகளில் ஒருவர் பெயர் இருத்தல் கூடாது. ஊர் மாறினார் என்றோ தகுதியற்றவர் என்றோ ஒருவர் பெயரை நீக்குமுன், தம் தரப்பைக் கூற அவருக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். வாக்குச்சாவடியில் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, விரலில் மையிட்ட பின்னரே வாக்கு.

இவ்வனைத்தினும் சிறந்தது வீடற்றோர்க்கான நெறி. தெருவோரம் உறங்குபவர் விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடம் சென்று, அவர் அங்கு உறங்குவதைக் கண்டு உறுதி செய்தல் வேண்டும். அதுவே அவர்தம் முகவரிக்குச் சான்றாகும். சொந்த மனையில் வீடு இல்லாதவனுக்கு ஓலை இல்லை என்றது உத்தரமேரூர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், கூரையே இல்லாதவனைத் தேடி அலுவலர் இருளில் நடக்க வேண்டும் என்கிறது விதி.

அவ்வலுவலர் உண்மையிலேயே நடக்கிறாரா என்பதை ஒவ்வோர் ஊரும் கேட்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் மீண்டும் கணக்கேறலாகாது என்ற உத்தரமேரூரின் கண்டிப்பும், எவரையும் விலக்காத இக்காலச் சட்டமும் ஒருங்கே அமையும் ஊரில்தான் பட்டியல் மெய்யான பட்டியலாகும்.