ஸ்பீச் தெரபியில் எம்.எஸ்சி. படிக்கப் போறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

மூன்று வயதாகியும் பேசாத குழந்தை, பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தை வராமல் தவிக்கும் அப்பா, திக்குவாய்க்குப் பயந்து இன்டர்வியூவுக்கே போகாத இளைஞர்... இவர்கள் எல்லோரும் தேடிப் போவது ஸ்பீச் தெரபிஸ்டைத்தான். இந்தத் துறையில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும்போது காலேஜ் பெயர், ஃபீஸ் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி இதுதான்: படித்து முடித்தால் சிகிச்சை அளிக்க உரிமை கிடைக்குமா?

யார் விண்ணப்பிக்கலாம்?

இந்தியாவில் எம்.எஸ்சி. ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜி 2 ஆண்டு படிப்பு. இதில் சேர, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற 4 ஆண்டு இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான பேச்சு, செவித்திறன் பட்டம் வேண்டும். கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் அதில் அடக்கம். சைக்காலஜி, மொழியியல், நர்சிங் முடித்தவர்கள் நேரடியாக இதில் சேர முடியாது. பிளஸ் 2 முடித்துவிட்டு இந்தத் துறையில் ஆர்வமாக இருப்பவர்கள், பி.ஏ.எஸ்.எல்.பி.யில் இருந்தே திட்டமிடுவது நல்லது.

பி.ஏ.எஸ்.எல்.பி. போதாதா?

போதும். இந்தியாவில் அந்தப் பட்டத்தோடு பதிவு செய்துகொண்டாலே பிராக்டீஸ் பண்ணலாம். கல்லூரியில் பாடம் எடுக்க, பிஎச்.டி. போக, விழுங்குவதில் சிரமம், அஃபேசியா போன்ற பிரச்னைகளில் ஆழமாகப் பயிற்சி பெற முதுகலை கைகொடுக்கும். காது கேட்கும் திறன் பக்கம்தான் ஆர்வம் என்றால், அதற்கு எம்.எஸ்சி. ஆடியாலஜி தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆர்சிஐ அங்கீகாரம் ஏன் முக்கியம்?

1992-ம் ஆண்டு சட்டப்படி செயல்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில்தான் சுருக்கமாக ஆர்சிஐ. இதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் பிராக்டீஸ் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இங்கேதான் உஷாரா இருக்கணும். அங்கீகாரம் காலேஜுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை; ஒவ்வொரு படிப்புக்கும், குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு காலேஜின் பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு அங்கீகாரம் இருப்பதால், அங்குள்ள எம்.எஸ்சி.க்கும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 'அப்ரூவல் வந்துடும், நீங்க சேருங்க' என்று யாராவது சொன்னால் நம்பி பணம் கட்டாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆர்சிஐ இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

சேர்க்கை எப்படி?

மைசூருவில் உள்ள மத்திய அரசின் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் நுழைவுத்தேர்வு நடத்துகிறது. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களிலும் இந்தத் துறை இருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண், கடைசி தேதி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். மார்க் ஷீட், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், ஆர்சிஐ பதிவு விவரம், இருந்தால் சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் என்ன பேசலாம்?

'சேவை செய்ய ஆசை' என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் நேரில் பார்த்த ஒரு கேஸைச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர், ஊர் மட்டும் வேண்டாம். தமிழ் தெரிவதே ஒரு பலம். 'பழம்' என்பதை ஒரு குழந்தை 'பயம்' என்றோ 'பளம்' என்றோ சொன்னால், அது குறைபாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் பெரியவர்களே அப்படிப் பேசலாம். வட்டார வழக்கு எது, சிகிச்சை தேவைப்படும் பிரச்னை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த தெரபிஸ்ட்தான் நம் ஊருக்குத் தேவை.

அமெரிக்கா போகலாமா?

அங்கே கதை வேறு. தெரபிஸ்ட் ஆவதற்கே முதுகலைப் பட்டம் வேண்டும். வேறு பட்டம் படித்தவர்களும் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆஷா அமைப்பின் சான்றிதழுக்கு 400 மணி நேர கிளினிக்கல் பயிற்சி, பிராக்சிஸ் தேர்வு, படிப்புக்குப் பிறகு குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேர ஃபெலோஷிப் என எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இதோடு மாநில லைசென்ஸ் தனி. அங்கேயும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பணம் கட்டும் முன் மூன்றே மூன்று கேள்விகள்:

* என் இளநிலைப் பட்டம் இதற்குத் தகுதியானதா?
* இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா?
* நோயாளிகளை நேரில் பார்த்துப் பழக கிளினிக் இருக்கிறதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாக விண்ணப்பிக்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், ஃபீஸ் கட்டாமல் அடுத்த காலேஜைப் பாருங்கள்.