மழையும் புதரும் மாடும்: உண்ணியின் பருவம் குறித்த அறிவு வளர்ந்த வரலாறும் கல்வராயன் மலையும்

உண்ணி என்னும் சிற்றுயிர் தமிழில் ஒரு பறவைக்கும் ஒரு செடிக்கும் பெயர் தந்திருக்கிறது. மேயும் மாட்டின் காலடியிலேயே திரிவது உண்ணிக்கொக்கு. காடு திருத்திய இடமெல்லாம் மண்டும் லாண்டானா உண்ணிச்செடி. ஆய்வுலகமோ உண்ணியின் பருவத்தை முதலில் வெயிலிலும் பனியிலும் தேடியது. புதரையும் மாட்டையும் கணக்கில் சேர்க்க அதற்கு நெடுங்காலம் பிடித்தது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலைகளுக்கு இந்த வரலாறு சொல்லும் செய்தி மிகுதி.

தொடக்கம் 1893. அமெரிக்க மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணியே என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அந்த ஆண்டு நிறுவினர். கோடையில் கிளம்பும் நோய் உறைபனி விழுந்ததும் அடங்கிவிடும் என்பது அந்நாட்டு மாடு வளர்ப்போர் முன்பே அறிந்திருந்த செய்தி. 1937இல் சோவியத் தூரக் கிழக்கில் கண்டறியப்பட்ட உண்ணிவழி மூளையழற்சியின் பெயரிலேயே வசந்தமும் கோடையும் இடம்பெற்றன. குளிர்நாடுகளில் உண்ணிக்குக் கடிவாளம் குளிர்தான். உறைபனியே காணாத நம் சமவெளிக்கு அந்த அளவுகோல் உதவாது.

நமக்கான அளவுகோல் 1957இல் கிடைத்தது. அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அடுத்து மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. புணேயின் வைரஸ் ஆய்வு மையம் ஆராய்ந்து, ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டுண்ணியை முதன்மைக் கடத்தியாக அடையாளம் கண்டது. குரங்குக் காய்ச்சல் என்று இன்று நாம் சொல்வது இதையே. அங்கு வரையப்பட்ட பருவ அட்டவணை இந்திய உண்ணி ஆய்வின் அடித்தளம் என்பேன். ஜூன் மழை இறங்கியதும் வளர்ந்த உண்ணிகள் வெளிவந்து மாடு போன்ற பெரிய விலங்குகளில் ஏறும். இரத்தம் குடித்து உப்பிய பெட்டை தரையில் விழுந்து முட்டையிடும். மழை ஓயும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆறுகால் குஞ்சுகள் மிகும். அதன்பின் எட்டுக்கால் இளவுயிரிகள் கோடை வரை சருகில் காத்திருக்கும். மனிதரை மிகுதியாகக் கடிப்பவை இவையே. ஆகவே, உண்ணி பெருக மழை வேண்டும். நோயோ மழை நின்ற டிசம்பர் முதல் மே வரையிலான உலர்காலத்தில்தான், விறகுக்கும் சருகுக்கும் மனிதர் காட்டுக்குள் போகும் நாட்களில் தாக்குகிறது. மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையே இப்படி அரையாண்டு இடைவெளி இருப்பதை மறந்தால் எச்சரிக்கை எப்போதும் தாமதமாகவே வரும்.

அடுத்த திருப்பம் 1969. கொலம்பிய அறிஞர் ஹோர்ஹே போஷெல் கியாசனூரின் சூழலை ஆராய்ந்து எழுதியபோது, காட்டு விளிம்பையும் அங்கே மேயும் மாடுகளையும் விளக்கத்தின் நடுவில் வைத்தார். மரம் வெட்டிய இடத்தில் புதர் மண்டுகிறது. புதரை நாடி எலியும் பறவையும் சேர்ந்து குஞ்சு உண்ணிகளுக்கு உணவாகின்றன. வளர்ந்த உண்ணிக்கோ மேயவரும் மாடு கிடைக்கிறது. உண்ணியின் உடலியலும் இதற்கு ஒத்துப்போகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை அது விலங்கின் உடலில் கழிப்பதில்லை, தரையில்தான் கழிக்கிறது. புல்நுனியில் ஏறி முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும்போது உடல்நீர் வற்றும். ஈரச் சருகுக்குள் இறங்கி, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி மீளும். ஆகவே, வானிலை நிலையம் அளக்கும் மழையைவிட, புதரடியில் எத்தனை நாள் ஈரம் தங்குகிறது என்பதே உண்ணியின் பருவத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பார்வையோடு கல்வராயனுக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டான இம்மலையில் ஏறத்தாழ 400 மீட்டர் வரை முட்புதர்க்காடு. 800 மீட்டர் வரை இலையுதிர்காடு. உயர்ந்த மேட்டுநிலங்கள் சிலவற்றில் சோலை. மலைநாட்டுக் கர்நாடகத்தைப் போல ஒரே பெருமழைக்குப் பின் நீண்ட வறட்சி என்ற ஒழுங்கு இங்கே கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காலத்து இடிமழை. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை. சருகின் ஈரம் தை வரை நீள்வதால், கியாசனூர் அட்டவணையை அப்படியே இங்கு பெயர்த்து வைப்பது பிழையாகும் என்பது என் கருத்து. அடிவார முட்காடு முதலில் காயும், மேலே நிழலும் பனியும் ஈரத்தைக் காக்கும். ஆகவே உண்ணியின் பருவம் மலையடியிலிருந்து மேல்நோக்கி நகரும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

மாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. மூன்று ஜாகிர்தாரர்களின் ஆட்சி 1976இல் நீங்கிய பிறகே அரசு நிர்வாகம் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் இந்த ஊர்களை நேராக எட்டியது. சமவெளிச் சந்தையோடு மலை நெருங்க நெருங்க, சமவெளி மாட்டோடு சமவெளி உண்ணியும் மலையேற வழி பிறக்கிறது. ரிபிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ் என்ற மாட்டுண்ணி குஞ்சிலிருந்து வளர்ச்சி முடியும்வரை ஒரே மாட்டில் மூன்று வாரம் தங்கும். ஒரு பெட்டை 2,000 முட்டைகளுக்கு மேல் இடும். குளிர் தடுக்காத இடத்தில் ஆண்டுக்குப் பல தலைமுறை காணும். நாட்டு மாடு இதை ஓரளவு தாங்கும். ஜெர்சிக் கலப்பினமோ உண்ணிக்கும் அது கொண்டுவரும் பபேசியா நோய்க்கும் எளிதில் இரையாகும். கடன் வாங்கிக் கலப்பினப் பசு வாங்கும் குடும்பத்துக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. மரபுக் கால்நடை மருத்துவத்தில் உண்ணி விரட்டும் கலவையில் வேப்பிலை, பூண்டு, வசம்பு, மஞ்சளோடு உண்ணிச்செடி இலையும் சேர்கிறது. உண்ணிக்கு நிழல் தரும் செடியையே அதற்கு எதிராகத் திருப்பிய அறிவு என்னை வியக்கவைக்கிறது.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் நீக்க வேண்டும். மழையும் குளிருமான மாதங்களில் நாளிதழ்கள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ், உண்ணியால் வருவதன்று. அதற்கு உறவான நுண்ணிய சிலந்திப்பேனின் குஞ்சு கடித்து வருவது. இரண்டும் புதரடியில் வாழ்ந்தாலும் பருவமும் ஓம்புயிரியும் வேறு. ஒரே பெயரில் பதிவானால் இரண்டின் நாட்காட்டியும் கலங்கிவிடும்.

காட்டுண்ணியைக் கணக்கெடுக்கும் முறை எளியது: வெள்ளைத் துணியைப் புல்லின்மேல் இழுத்து, ஒட்டியவற்றை எண்ணுவது. கல்வராயனில் அதை மாதந்தோறும் மூன்று உயரங்களில் செய்ய வேண்டும்: கோமுகி அணையை ஒட்டிய முட்காடு, ஏற்றத்து இலையுதிர்காடு, வெள்ளிமலை மேட்டுநிலத்தின் மேய்ச்சல் விளிம்பு. ஒவ்வோரிடத்திலும் உண்ணிச்செடியின் அடியில் ஒருமுறை, திறந்த புல்லில் ஒருமுறை.