தகுதிச் சான்றும் பிறவிக் கோளாறும்: திரும்பி வந்த சிப்பாய்கள் குறித்து

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை வாட்ச்மேனாக இருந்தார். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய் 1990இல் திரும்பியவர். ஆலையில் வெடி போட்டுச் சோதிக்கும் நேரம் வாசலை விட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். சத்தம் ஓய்ந்த பிறகும் சட்டென்று வரமாட்டார். "மிலிட்டரிக்காரருல்ல, சரக்கு கேக்குது" என்று ஆட்கள் சிரிப்பார்கள். பென்சனில் பாதி குடிக்கே போனது. பெரியம்மாதான் சரம் பின்னிக் குடும்பத்தை ஓட்டினார். ஒரு தடவை அவரிடமே இதுபற்றிக் கேட்டேன். "இதுக்கெல்லாம் பேரு இருக்காப்பா?" என்று மட்டும் சொன்னார். இதற்கென்று அவர் யாரிடமும் எதுவும் கோரியதில்லை.

பெயர் இருக்கிறது. ஆனால் அது மருத்துவர்களின் கருணையால் மட்டும் வந்ததல்ல. முதல் உலகப் போரில் குண்டதிர்ச்சி என்று சொல்லப்பட்டதைக் கோழைத்தனமா, நோயா என்று விசாரிக்க பிரிட்டன் ஒரு குழு போட்டது. 1922இல் அதன் அறிக்கை வந்தது. அமெரிக்காவில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மனநல மருத்துவர்களும் சண்டை போட்ட பிறகே, 1980இல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி என்பது நோய்ப்பட்டியலில் ஏறியது. அதாவது, நோயின் பெயர் ஓர் அரசியல் கோரிக்கையாகவே பிறந்திருக்கிறது.

நம் ராணுவத்தின் கோப்புமொழியைப் பாருங்கள். சிப்பாயின் உடல்தகுதியைக் குறிக்கும் 'ஷேப்' என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்து மனநிலையைத்தான் குறிக்கிறது. அதில் தேறியவனைத்தான் துப்பாக்கி கொடுத்து அனுப்புகிறார்கள். மனம் உடைந்து வெளியே வரும்போது மருத்துவக் குழு பல நேரம் எழுதும் வாசகம் வேறு: 'பணியால் ஏற்பட்டதுமல்ல, பணியால் அதிகரித்ததுமல்ல'. கூடவே 'உடற்கூறு சார்ந்த கோளாறு' என்றும் சேரும். நுழையும்போது குறையில்லாதவன், வெளியேறும்போது பிறவியிலேயே குறையுள்ளவனாகிவிடுகிறான். ஊன ஓய்வூதியம் இந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோகிறது.

சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லையென்றால் நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அது வலிப்பு நோய் வழக்கு. மனச்சிதைவுக்கு ஆளான நர்சிங் யாதவ் வழக்கில், 2019இல், மனநோயை ஆள்சேர்ப்பின்போது கண்டறிய முடியாது என்ற காரணத்தைச் சொல்லி அதே நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. வலிப்புக்குக் கிடைத்த சந்தேகத்தின் பலன் மனத்துக்குக் கிடைக்கவில்லை. 2025இல்தான், காரணம் எழுதாத மருத்துவக் குழு முடிவு செல்லாது என்று சொல்லி, மனச்சிதைவால் வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு ஓய்வூதியம் வழங்கச் சொன்னது. இடையில் எத்தனை பேர் கோர்ட்டுப் படி ஏறாமலே செத்திருப்பார்கள்?

இந்த மொழி கந்தக பூமிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆலை வெடித்ததும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற சொல் பிணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டு இடத்திலும் காயத்தின் காரணம் காயம்பட்டவனுக்குள்ளேயே தேடப்படுகிறது.

இதோடு முடித்தால் பழியை அரசின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்கலாம். ஆனால் பெரியப்பா போன்றவர்கள் விஷயத்தில் நமக்கும் பங்கு உண்டு. அமைதிப்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டும் இருந்தது. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் வீடுகளைச் சோதனை போட்டான். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அரசியல்ரீதியாக அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வரவேற்க மறுப்பது வேறு, கேட்க மறுப்பது வேறு. நம் சிற்றிதழ்கள் ஈழக் கவிதைகளுக்குப் பக்கங்களைத் திறந்தன. திரும்பி வந்த சிப்பாயிடம் 'அங்கே என்ன செய்தாய், என்ன பார்த்தாய்?' என்று நாம் அக்கறையோடு கேட்டதாகத் தெரியவில்லை. தேசியக் கதையாடலுக்கு அவன் தோற்ற போரின் சங்கடம், தமிழ்க் கதையாடலுக்குத் துரோகி. இரண்டிலும் அவனுக்கு வாயில்லை.

மனக்காயத்தை ஏற்பது குற்றத்தை மன்னிப்பதாகாது. யாழ்ப்பாணத்து மக்களின் காயத்தை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாகவே எழுதிவிட்டார். அந்தக் காயத்தை உண்டாக்கியவர்களில் ஒருவன் இங்கே ரோட்டோரம் நின்று காதைப் பொத்திக்கொள்கிறான் என்றால், அவன் அந்த வரலாற்றின் சாட்சியும்கூட. அவனைக் குடிகாரன் என்று ஒதுக்கினால் அவனுக்கான சிகிச்சை மட்டும் போவதில்லை, அவனுடைய வாக்குமூலமும் போய்விடுகிறது. அவனுக்கு ஓய்வூதியம் தர மறுக்கும் அரசுக்கு இந்த மௌனம் ரொம்ப வசதி.

பெரியப்பாவுக்கு இப்போது வேலையில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் மகள் வீட்டுக்கு, மேற்கே மலையடிவாரத்துக்குப் போய்விடுகிறார். இந்த வருஷம் டேப் ரெக்கார்டர் இல்லாமல் சும்மா போய் உட்காரலாம் என்றிருக்கிறேன். பேசினால் கேட்பது, அவ்வளவுதான்.