கள்ளுக்கடையும் கள்ளச் சம்சுவும்



லோபாக்கைச் சுற்றியும் நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த நமக்குக் கள்ளுக்கடை புதிதன்று. இன்று அதன் வரலாற்றில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அனுமதி பெற்ற கடை கண்ணெதிரே இருந்தும், மறைவில் விற்ற சம்சுவை நம்மவர்கள் ஏன் தேடிப் போனார்கள்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் தோட்டத்துக் கள்ளுக்கடையை நிர்வாகமே அனுமதி பெற்று நடத்தியது. பட்டணத்தில் அரசாங்கக் கடைகள் இருந்தன. தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால், கூலியின் ஒரு பகுதி துரையின் கடைக்கே திரும்பிப் போனதை நம் முன்னோர் உணராமல் இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள்.

“கடையை மூடினால் சம்சுவுக்குப் போய்விடுவார்கள்” என்று துரைமார் சொன்னார்கள். அதில் சுயநலம் இருந்தது. ஆயினும் அந்த அச்சம் முழுப் பொய்யுமன்று. காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நேரம். கள்ளு அன்றன்றைக்கு இறக்கி விற்க வேண்டிய பொருள், மறுநாள் புளித்துவிடும். கடையும் குறித்த நேரத்தில்தான் திறக்கும். சம்சுவோ காய்ச்சி வடித்தது. புட்டியில் ஒளித்து வைத்தால் நள்ளிரவிலும் கிடைக்கும்.

இரண்டாவது, காசு. கள்ளைவிடச் சம்சுவில் போதை பல மடங்கு. கையில் இருக்கும் சில்லறைக்கு எது அதிகம் மயக்கும் என்றே குடிப்பவர் கணக்குப் போடுவார்.

மூன்றாவது, பற்று. கடையில் ரொக்கம் கேட்பார்கள். மறைவில் விற்பவர் சம்பள நாள்வரை பொறுப்பார். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே.

பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கள்ளுக்கடைகள் குறைந்தன, மலிவான சம்சு சிறு புட்டிகளில் பரவியது. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். முந்தைய நாள் அப்பாவுக்குச் சம்பளம் என்று பிறகுதான் தெரிய வரும்.

மறைவுச் சரக்கில் பெரிய ஆபத்து, அதனுள் என்ன இருக்கிறது என்பது தெரியாததே. மெத்தனால் என்ற நச்சுச் சாராயத்தை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய மது அருந்தி 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே 2003 முதல் அரசாங்கமே மதுக்கடைகளை நடத்துகிறது. இருந்தும் அதைவிட மலிவாகப் பொட்டலத்தில் கிடைத்த சாராயம் அவர்களை இழுத்துக்கொண்டது.

ஆகவே, வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். அனுமதிப் பலகை மட்டும் மனிதனை நல்வழிக்குக் கொண்டுவராது. கடையை மூடும் ஆணை மட்டும் குடியை நிறுத்தாது. விலை, நேரம், பற்று ஆகிய மூன்றுமே அவன் கால்களை நடத்துகின்றன. குடியை எதிர்த்த நம் முன்னோரின் போராட்டம் நியாயமானது. அதை முடித்து வைக்க வேண்டியவர்கள் நாம்தான். சம்பள நாளில் முதலில் வீட்டுச் செலவை ஒதுக்குவோம். மறைவில் பற்று வைப்பதை நிறுத்துவோம்.

குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துக்கூடப் பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வெட்கத்தையும் பயத்தையும் விட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. தாமதித்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.