உலாவிகளின் மறைதிருத்தமும் தமிழ்ப் பக்கங்களும்

பிறர் பிழையைத் தன்பாலே திருத்திக்கொள்ளும் வழக்கம் இணைய உலாவிகளின் வரலாற்றில் தொடக்கந்தொட்டே காணப்படுகின்றது. 1994இல் வெளிவந்த நெற்ஸ்கேப் உலாவி, தளங்களிடம் தன்னை 'மொசில்லா' என அறிமுகஞ் செய்தது. தளங்கள் பல அப்பெயரைக் கேட்டே செம்மையான பக்கத்தை வழங்கின. ஆதலால் 1995இல் வந்த மைக்ரோசொவ்ற்றின் உலாவியும் தன்னை மொசில்லா என்றே கூறிக்கொண்டது. குரோம் இன்றும் அப்பொய்யை விடவில்லை. 2009இல் ஒபரா பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, இலக்கமொன்றை மட்டும் வாசிக்கும் தளங்கள் பத்தை ஒன்றெனக் கொண்டன; ஒபரா தன்னை 9.80 எனச் சொல்லித் தப்பிக்க வேண்டியதாயிற்று!

இதனினும் நுட்பமானது, தளங்களைப் பெயர் குறித்துத் திருத்தும் முறையாகும். ஒபரா இதற்கெனத் தனிக் கோப்பொன்றைப் பயனரின் கணினிக்கு அனுப்பிவந்தது. மைக்ரோசொவ்ற் 2009இல் எட்டாம் பதிப்புடன் இணக்கப் பட்டியலொன்றை இணைத்தது. சபாரியின் அடித்தளமாகிய வெப்கிற்றின் மூலநிரலில் தளங்களின் பெயர்களே எழுதப்பட்டுள்ளன. பயர்பொக்ஸ் தன் பட்டியலைப் பயனர் பார்க்கவும் இடமளிக்கின்றது. வாசகன் குறையை அறியான். தளத்தாரும் பல வேளைகளில் அறியார். அறியாதவர் திருத்துவது எங்ஙனம்? மேலும், இப்பட்டியல்களில் ஒரு தளம் இடம்பெறுவதற்குப் அதனை நாடுவோரின் தொகையும் காரணமாகின்றது.

தமிழின் நிலையை இங்கே நோக்குதல் தகும். யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. ஆயினும் அது கணினிகளிற் பரவ நெடுங்காலஞ் சென்றது. தமிழக அரசு 1999இல் தாம், தாப் குறியாக்கங்களை ஏற்றது. ஈழத்தவரிடையே பாமினி எழுத்துரு பெருவழக்குப் பெற்றது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையேயுள்ள கனகராயன்குளத்தின் பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எவ், டி, எவ், யூ, எச், ஏ எனத் தொடங்கும் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகவே தோன்றும்.

இக்குறை பெருநிறுவனங்களின் பட்டியல்களால் தீரவில்லை. எழுத்துருவைத் தேடி நிறுவும் சுமை வாசகன் தலையிலேயே விழுந்தது. தெலுங்குக்கென எழுந்து தமிழுக்கும் விரிந்த 'பத்மா' என்னும் பயர்பொக்ஸ் நீட்சி அத்தகைய பணியைச் செய்தது. பழைய எழுத்துருக்களிலான தளங்களைத் திறக்கும்போதே அது யுனிகோட்டாக மாற்றிக் காட்டியது. பெருநிறுவனங்கள் செய்யாததை ஆர்வலர் முயற்சி செய்தது என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. எனினும் 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57ஆம் பதிப்பு பழைய அமைப்பிலான நீட்சிகளைக் கைவிட்டபோது, பத்மாவின் அவ்வடிவமும் செயலிழந்தது.

உலாவி காட்சியைத் திருத்தினாலும் மூலம் திருந்துவதில்லை. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது முதல் 2006இல் மீண்டும் மூடப்பட்டது வரையிலான காலத்து வன்னியைப் பற்றிப் பாமினியில் எழுதப்பட்ட பக்கங்களுள் மாற்றப்படாதவை இன்றும் பழைய கோவைகளாகவே உள்ளன. அவற்றினிடையே கனகராயன்குளம் என யுனிகோட்டில் தட்டித் தேடும் மாணவனுக்கு அவ்வூர் அகப்படுவதில்லை.